காற்றை விசாரித்த ஒரு கார்டு

கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, மூன்று கொட்டேஷன் வாங்கி, எது குறைவோ அதற்கு எதிரே டிக் அடிப்பதுதான் நம் வேலை என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அந்த ஆளை என்னிடம் கூட்டிவாருங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, சாக்பீஸ் முதல் ஹாஸ்டல் அண்டா வரை கல்லூரிக்கு வாங்கிப் போட்டவள் நான். டிக் அடிக்க ஆள் வேண்டியதில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ஆள் வேண்டியிருப்பது வேறொன்றுக்கு. அதை விளக்கிச் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கடலை முதன்முதலில் பார்த்தபோது நாற்பது வயது தாண்டிவிட்டது. அதற்கு முன்பே படகுக்குப் பாய் வாங்கியிருந்தேன். இரண்டு முறை. முதல் முறை வாங்கிய லட்சணத்தையும், அதனால் இரண்டாம் முறை வாங்க நேர்ந்ததையும்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் கல்லூரியில் மாணவர்களுக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பிரிவு ஒன்று இருந்தது. மதுரையில் படகா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அப்போதும் சிரித்தார்கள். ஆற்றிலேயே மணல்தான் ஓடுகிறது, இதில் படகு ஒரு கேடா என்று பஸ்ஸில் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். ஆனால் திருநகர் தாண்டிக் கிடந்த அந்தக் கண்மாய், ஐப்பசி மழையில் நிறைந்துவிட்டால், மாசி வரைக்கும் ஒரு சின்னக் கடல்தான். கரைக்கு அந்தப்பக்கம் நெல். வடக்கே மலை. தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கிற கருவேல மரங்கள், அவற்றின் உச்சியில் கொக்குகள். அதன் நடுவே நீலப் பெயிண்ட் அடித்த சின்ன மரப்படகு ஒன்று பாயை விரித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் போகும். இஞ்சின் இல்லை, துடுப்பு இல்லை. முதல் தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன நான், அடுப்பில் பாலை வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பால் பொங்கி அடுப்பே அணைந்துபோயிற்று.

அந்தப் படகை ஓட்டியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ராமநாதபுரம் கடற்கரைக்காரர், கடற்படையில் இருந்துவிட்டு வந்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். தற்காலிக வேலைதான், ஆனால் அதை நம்பித்தான் மனைவி மக்களை மதுரைக்குக் கூட்டிவந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்.

பழைய பாய் வெயிலில் இற்றுப்போய்விட்டது, புதுசு வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். நான் மாசி வீதிப் பக்கம், மேடைத் திரையும் கூடாரமும் தைக்கிற கடையில் கொடுத்தேன். மூன்று கொட்டேஷனில் அதுதான் குறைவு. கெட்டிக் காடாத் துணி. தையல் நெருக்கமாக, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் வந்து இறங்கியபோது தொளதொளவென்று கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் தினமும் கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்த சுங்குடிச் சேலை கட்டுகிறவள். மடிப்பு கலையாமல் ஆபீஸுக்கு வருவதில் எனக்கு ஒரு திமிரே உண்டு. தை மாசம் பெரிய விருந்தாளியை வைத்து அந்த வருஷப் பயிற்சிக்குத் துவக்க விழா நடத்தப்போகிறார்கள், அதில் நான் வாங்கிய பாய் துவண்டு தொங்கினால் என் மானம் என்ன ஆவது? யாரையும் கேட்கவில்லை. நேராகச் சலவைக்கடையில் கொடுத்து, நல்ல கெட்டிக் கஞ்சியாகப் போட்டு வாங்கிவந்து ஸ்டோரில் மடித்து வைத்துவிட்டேன். "என் வீட்டுல தொங்கவிட்டு வச்சுக்கிறேனே தங்கச்சி" என்று மாஸ்டர் கேட்டார். காலேஜ் சொத்து ஸ்டோரில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் பேசினேன்.

விழா அன்று பாய் எப்படி நின்றது தெரியுமா! வெள்ளை வெளேரென்று, ஒரு சுருக்கம் இல்லாமல். மாஸ்டரும் இரண்டு மாணவர்களும் போனார்கள். கண்மாயின் பாதியில், மலைப்பக்கமிருந்து காற்று ஒரு அடி அடித்தது. படகு சாய, மூவரும் எதிர்ப்பக்கம் சரிந்து உட்கார்ந்து அதைச் சமன் செய்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பாய் ஓரத்திலிருந்து படாரென்று கிழிந்தது. தாங்கிப் பிடித்திருந்த காற்று கைவிட்டதும், இவர்கள் உட்கார்ந்திருந்த பக்கமே படகு கவிழ்ந்துவிட்டது.  மிதவைச் சட்டை போட்டிருந்ததால் பையன்கள் இரண்டு பேரும் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். மாஸ்டருக்குப் பாயைத் தாங்கும் கட்டை அடித்துப் புருவம் பிளந்திருந்தது. ரத்தத்தோடேயே இரண்டு பேரையும் கரை சேர்த்தார்.

மறுவாரம் கல்லூரிக் கமிட்டி கூடியது. விழாவுக்கு முன்னால் எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு ஈரத்தோடு சுருட்டி வைத்திருப்பார், துணி மக்கிப்போயிருக்கும் என்றார்கள். கிழிந்தாலும் கைதேர்ந்த ஆளாக இருந்தால் கவிழ விட்டிருப்பாரா என்றார்கள். மாஸ்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"என் பொறுப்புதான் சார்."

வாங்கும்போது துணி நல்ல நிலையில் இருந்தது என்று நான் ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.  உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

மாஸ்டரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். பிரின்சிபால் மட்டும் ஒரு வழி விட்டார். புதுப்பாய் வாங்குவோம், கமிட்டிக்கு முன்னால் அவர் ஓட்டிக் காட்டட்டும், சரியாக ஓட்டினால் இருக்கலாம், இல்லாவிட்டால் படகை விற்றுவிட்டுப் பிரிவையே மூடிவிடலாம் என்றார். கண்மாயில் தண்ணீர் இருக்கும்போதே இது நடந்தாக வேண்டும்.

தண்ணீர் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்கத்தான் நான் கண்மாய்க்குப் போனேன். மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற நீர்ப்பாய்ச்சி, கரையில் மண்வெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தார்.

"இன்னும் இருவது நாளு. அதுக்கு மேல கெண்டையும் சகதியுந்தான்" என்றார். "ஏன், படகுக்கா கேக்குறிய? ஒங்க படகுக்காக மடைய அடைக்க முடியாதுத்தா. பயிரு பொட்டையில நிக்கிது."

பயிர் வாடிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொன்னதில் கோபமில்லை. வாடிப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான், எனக்கு அது புரியும். இருபது நாள். ஒரு மனிதரின் பிழைப்பு அந்தத் தண்ணீரின்மேல் நின்றது, தண்ணீரோ தினமும் ஒரு விரற்கடை இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று இடத்துக்கு எழுதினேன். பழைய கூடாரக் கடையிலிருந்து அன்றைக்கே பதில், ஐந்து நாளில் தைத்துத் தருகிறேன் என்று. பம்பாய் கம்பெனி ஒன்று தந்தியே அடித்துவிட்டது. கையிருப்பில் தயார்ப் பாய் இருக்கிறது, பத்து நாளில் ரயிலில் வரும். பின்னாலேயே வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு புத்தகம் வந்தது. மூன்றாவது, தூத்துக்குடியில் தோணிகளுக்குப் பாய் தைக்கிற ஒருவர். அவர் விலாசத்தை மாஸ்டர் எப்போதோ சொல்லிக் குறித்து வைத்திருந்தேன். அவரிடமிருந்து வந்தது ஒரு தபால் கார்டு. விலை இல்லை, நாள் இல்லை. வெறும் கேள்விகள்.

கண்மாய்க்குப் பக்கத்தில் மலையோ தோப்போ உண்டா, எந்தத் திசையில். காற்று சீராக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா. ஏறுகிறவர்கள் பழகியவர்களா, புதியவர்களா. தண்ணீருக்குள் மரம் மட்டை நிற்கிறதா. பழைய பாய் எப்படிக் கிழிந்தது, அதை அப்படியே அனுப்பி வைக்கவும். இதெல்லாம் தெரிந்தால்தான் என்னால் தைக்க முடியுமா முடியாதா என்று சொல்ல முடியும். இப்படிக்கு, ஒரு கிறுக்கல்.

கார்டைப் பிரின்சிபால் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன பாண்டியம்மா, இது கொட்டேஷனா, பரீட்சைக் கேள்வித்தாளா? லெட்டர்ஹெட் கூட இல்ல. பம்பாய்க்காரன் பத்து நாள்ல அனுப்புறேங்கிறான். பேசாம அதப் போடுங்க."

"சார், பம்பாய்க்காரங்களும் கூடாரக் கடையும் நம்மள ஒரு வார்த்த கேக்கலயே. குளமா, கடலா, யாரு ஏறப்போறா, ஒண்ணும் கேக்கல."

"அவனுக்கு அவன் சரக்கு மேல அம்புட்டு நம்பிக்கை."

"இருக்கட்டும் சார். நம்ம தண்ணியப் பத்தித் தெரியாதுல்ல?"

"இருவது நாள் தண்ணியில அஞ்சு நாள் போயிருச்சு. நீங்க கேள்விக்குப் பதில் எழுதிக்கிட்டே இருங்க, கண்மாய் வத்திரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சிரமம். நான் கேட்டு வாங்கியது நான்கு நாள். நான்காம் நாள் சாயங்காலம் முடிவு சொல்லாவிட்டால் பம்பாய்க்குத் தந்தி போகும்.

முதல் மூன்று நாளும் ஆபீஸ் விட்டதும் கண்மாய்க் கரைக்குப் போனேன். பழைய சுங்குடிச் சேலையிலிருந்து நாடா கிழித்து ஒரு குச்சியில் கட்டி, கரையில் நட்டுவைத்துவிட்டு, நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பேன். நாலரை, மலைப்பக்கம், பலம். நாலே முக்கால், இல்லை. ஐந்து, மலைப்பக்கம், லேசு. இப்படி எழுதிக்கொண்டே வருவேன். கொஞ்ச நேரத்தில் எழுதுவதை மறந்துவிடுவேன். நாடா எழும்பும், படுக்கும். எழும்பும்போது தண்ணீர் முழுக்கச் சிலிர்க்கும், படுக்கும்போது மலை தலைகீழாகத் தண்ணீரில் வந்து நின்றுவிடும். கொக்குகள் ஒவ்வொன்றாக வந்து கருவேல மரங்களில் அடையும். நெல்லின் பச்சை வாசம் வரும். எங்கேயோ மாட்டு மணி கேட்கும், அது அக்கரையா இக்கரையா என்று தெரியாது. நான் யார், எந்தப் பிரிவு, எந்த ஃபைல் என்பதெல்லாம் கழன்று போய்விடும். இத்தனை வருஷம் காற்று என்னைச் சுற்றித்தான் அடித்திருக்கிறது, ஒரு நாளாவது நான் அதைக் கவனித்ததில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு காற்றைப் பார்த்தவள் இந்த மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீர்ப்பாய்ச்சிக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு.

"என்னத்தா, இன்னைக்குக் காத்து எம்புட்டு மரக்கா இருக்கு? அளந்தாச்சா?"

"கேலி பண்ணாதீக. இந்தக் காத்து ஏன் நின்னு நின்னு அடிக்குது, அதச் சொல்லுங்க."

"வாடக் காத்து மலையில முட்டிப் பெறவுல்ல இங்கிட்டு எறங்குது. அந்தப் பக்கம் சுத்தி ஒரு வீச்சு, இந்தப் பக்கம் சுத்தி ஒரு வீச்சு. நடுவுல செத்த நேரம் மூச்சே இருக்காது. போற போக்குல தலத்துண்டப் பறிச்சுட்டுப் போயிரும்."

தூத்துக்குடிக்காரர் முதல் கேள்வியாக மலையை ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழா நாளன்று அடித்ததும் அந்த வீச்சுதான்.

கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது. பழைய பாய் எப்படிக் கிழிந்தது? நான்காம் நாள் காலை ஸ்டோருக்குப் போய், கிழிந்த பாயை எடுத்துக் கட்டச் சொன்னேன். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் சுப்புராம். சௌராஷ்டிரா நெசவுக் குடும்பம், வீட்டில் அப்போதும் தறி ஓடிக்கொண்டிருந்தது. பாயை விரித்தவர் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"யாருக்கா இதுக்குக் கஞ்சி போட்டது?"

"ஏன்?"

"இங்க பாருங்க." ஓர மடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே, கயிறு போகிற இடம் நெடுக, பொடிப்பொடியாகக் கடித்த ஓட்டைகள். வெளியே பார்த்தால் தெரியாது. "எங்க தெருவுல கஞ்சி போட்ட நூல ஒரு ராத்திரி கீழ வைக்க மாட்டோம். ஒசரத்துல தொங்கவிட்ருவோம். கஞ்சித் துணிய மடிச்சுப் பெட்டியில வச்சா எலிக்கு இலை போட்ட மாதிரிதானக்கா?"

நான் பக்கத்திலிருந்த சாக்குமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஈரத்தில் மக்கவில்லை. மாஸ்டர் ஒன்றும் செய்யவில்லை. நான். என் விறைப்பு, என் மடிப்பு, என் சட்டம். இரண்டு பிள்ளைகள் தண்ணீருக்குள் போனார்கள், அந்த மனிதரின் புருவம் பிளந்தது, பிழைப்பு போகப்போகிறது. அதற்கு மேல் நல்ல நிலையில் இருந்தது என்று ஒரு கையெழுத்து வேறு. 

அந்தப் பதிலை முதலில் தூத்துக்குடிக்குத்தான் எழுதினேன். முகம் தெரியாத ஆளிடம் சொல்வது சுலபம். கஞ்சி போட்டு வைத்திருந்தோம், எலி கடித்துவிட்டது என்று எழுதினேன். வைத்திருந்தோம் என்ற சொல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதை அடித்துவிட்டு வைத்திருந்தேன் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் ஒன்று புரிந்தது. ஒரு கடைக்காரருக்குச் சொல்ல முடிந்ததைப் பிரின்சிபாலுக்குச் சொல்லாமல் இனி என்னால் சோறு தின்ன முடியாது. அந்தக் கடுதாசியையே எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் படித்தார். கடுதாசியை மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்கு மெமோ வரும்."

"வரட்டும் சார்."

"ஆனா கமிட்டி ஒத்துக்காது. பாய் கிழிஞ்சது உங்க தப்புன்னாலும், படகு கவிழ்ந்தது அவர் தப்புன்னுதான் சொல்லுவாங்க. அவர் ஓட்டிக் காட்டியே ஆகணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "இப்பவும் அந்தக் கார்டுக்காரர்தானா? உங்க பேர்லதான் வாங்குறோம், பாத்துக்கோங்க."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பம்பாய்ப் புத்தகத்தின் படங்கள் கண்ணில் நின்றன. அதை வாங்கிப் பிசகினால், அவ்வளவு பெரிய கம்பெனி, நான் என்ன செய்வேன் என்று கையை விரிக்கலாம். கார்டுக்காரரிடம் வாங்கிப் பிசகினால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. பிள்ளைகளே, நாம் பாதி நேரம் பெரிய கடையில் வாங்குவது சரக்குக்காக இல்லை, பின்னால் ஒளிந்துகொள்ளத்தான். அந்த நிமிஷம் அது எனக்கே என்னைப் பற்றித் தெரிந்தது.

"அவர்தான் சார்" என்றேன்.

இதை வைத்துக் கேள்வி கேட்கிறவனெல்லாம் நல்ல வியாபாரி என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். பின்னாளில் ஒருவன் பெஞ்சு செய்துதர என்னிடம் அரைநாள் கேள்வி கேட்டான், கால் ஆடாத பெஞ்சு ஒன்றுகூட வரவில்லை. என்ன கேட்கிறான் என்று பார்க்க வேண்டும். பெஞ்சுக்காரன் கேட்டதெல்லாம் பில் எப்போது பாஸாகும் என்றுதான்.

அன்று சாயங்காலமே மாஸ்டர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். புருவத்தில் தையல் தழும்போடு வாசலில் நின்றிருந்தார். என்னைத் திட்டுவார், திட்டினால் நல்லது என்று நினைத்தேன். அவர் "சரி தங்கச்சி" என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்தேன்.

தூத்துக்குடியிலிருந்து பாய் வர ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் நீர்ப்பாய்ச்சி தண்ணீர்க் கணக்கை இறக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு சாயங்காலம் பஸ் கூரையிலிருந்து சாக்குப்பொதியாக இறங்கியது. பிரித்தால் பழுப்பு நிறம், கசங்கல், வேப்பெண்ணெய் மாதிரி ஒரு வாசம். பார்வைக்குப் பழைய கூடாரக் கடைப் பாய்தான் அழகு. நடுவில் ஒரு வரிசைக் குட்டைக் கயிறுகள் தொங்கின. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. காற்று மலையில் முட்டி வருவதால் பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டக் கயிறு வைத்திருக்கிறேன். துணி தளர்வாக இருப்பதுதான் சரி. கஞ்சி போட வேண்டாம். அதைப் படித்து நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது ஞாபகமில்லை.

ஓட்டிக் காட்டும் நாள். கரையில் பிரின்சிபாலும் கமிட்டிக்காரர் இரண்டு பேரும் குடையோடு நின்றார்கள். தண்ணீர் சுருங்கிக் கண்மாயின் நடுவுக்குப் போயிருந்தது. மாஸ்டர் பாயை ஏற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏறுங்க தங்கச்சி. வாங்கினவுகளும் வரணும்."

"எனக்கு நீச்சல் தெரியாதுண்ணே."

"எனக்குத் தெரியும்ல?"

சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் ஏறினேன். மேலே மிதவைச் சட்டை. கரை நழுவிப் போயிற்று. ஒரு சத்தமும் இல்லை, பலகைக்கு அடியில் தண்ணீர் உராய்கிற சத்தம் தவிர. பாய் மெல்ல ஊதி வயிறு தள்ளியது. அந்தத் தொளதொளப்புதான் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிற கை என்று அப்போது பார்த்தேன். கருவேல மரங்கள் பக்கத்தில் வந்து, விலகி, பின்னால் போயின. கொக்குகள் எழும்பக்கூட இல்லை. நாங்கள் போகிறோமா, கண்மாய்தான் எங்களைத் தாண்டிப் போகிறதா என்றே தெரியவில்லை. பயம் எப்போது போயிற்று என்றும் தெரியவில்லை.

நட்டநடுவில் காற்று நின்றுவிட்டது. பாய் தொங்கியது. படகு அசையாமல் நின்றது. மலை முழுசாக எங்களுக்கு அடியில் கிடந்தது. கரையில் கமிட்டிக்காரர் ஒருவர் இருமியது பக்கத்தில் இருமியது போலக் கேட்டது. மாஸ்டர் அவசரப்படாமல் எழுந்து பாயைப் பாதியாக இறக்கி, குட்டைக் கயிறுகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட ஆரம்பித்தார். முடிச்சைப் பார்த்தபடியே பேசினார்.

"கஞ்சி வாசம் எனக்கு அன்னைக்கே தெரியும் தங்கச்சி."

எனக்குப் புரியவில்லை. "என்னண்ணே?"

"விழா அன்னைக்குப் பாய ஏத்தும்போதே வந்துச்சு. கயிறு கோக்கையில ஓர மடிப்புக்குள்ள ஒரு பல்லுத் தடமும் பாத்தேன். ஒரு சுத்துத்தானே, தாங்கும்னு நெனச்சேன். பந்தல் போட்டு, மாலையோட பெரிய மனுஷன் நிக்கிறாக. இன்னைக்கு வேணாம் சார்னு சொல்ல எனக்கு வாயி வரல." அடுத்த முடிச்சு. "பச்சப் புள்ளைக ரெண்டையும் ஏத்திக்கிட்டுப் போனேன். நீங்க வந்து உங்க தப்புன்னு சொன்னப்பக்கூட நான் சொல்லல. உங்க முகத்தப் பாக்க முடியலம்மா எனக்கு."

அவர் என்னை வெறுக்கவில்லை. அந்த நேரத்திலும் முதலில் எனக்கு வந்தது அந்த நிம்மதிதான். பிறகுதான் மற்றது உறைத்தது. இதை அவர் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பழி முழுவதையும் நான் ஏற்றுக்கொண்டாயிற்று. இந்தப் படகை ஒழுங்காகக் கரை சேர்த்தால் போதும், வேலை அவருடையது.

மலைப்பக்கம் தண்ணீர் கறுத்தது. அந்தக் கறுப்பு எங்களை நோக்கி ஓடி வந்தது. "புடிச்சுக்கோங்க" என்றார். காற்று அடித்தபோது படகு சாய்ந்தது, நான் பலகையை இறுகப் பிடித்தேன். ஆனால் பாதியாகச் சுருங்கிய பாய் முக்கி முனகித் தாங்கியது. படகு தலையை நிமிர்த்திக்கொண்டு ஓடியது பாருங்கள்! முகமெல்லாம் தண்ணீர். நான் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தேன். மடிப்பு, கஞ்சி எல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

கரையில் கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள். பிரின்சிபால் முன்னால் வந்து, "நல்லது மாஸ்டர், நல்லது" என்று கையை நீட்டினார். மாஸ்டர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. முழங்கால் தண்ணீரிலேயே நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லணும். பாய் சரியில்லன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போனேன். வேணாம்னு சொல்லிருக்கணும், சொல்லல."

நீட்டியிருந்த கையைப் பிரின்சிபால் கீழே இறக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடப்பாவி மனுஷா, இரண்டடி வைத்துக் கரையேறியிருந்தால் முடிந்துபோயிருக்குமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"நீங்க சொல்லாம இருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் பிரின்சிபால்.

"ஆமா சார். தெரிஞ்சிருக்காது."

"நாளைக்கு மந்திரியே வந்து நின்னாலும் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுவீங்களா?"

"இனிமே சொல்லுவேன் சார்."

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க பாண்டியம்மா?"

என்னை ஏன் கேட்டார் என்று இன்றைக்கும் தெரியாது. குளிரில் பல் தந்தியடிக்க, எனக்குத் தெரிந்த பாஷையில்தான் பதில் வந்தது.

"சார், தன் சரக்குல இருக்குற கொறையத் தானே எடுத்துக் காட்டுற கடைக்காரன விட்டுட்டு நான் அடுத்த கடைக்குப் போகமாட்டேன்."

அவர் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். ஒருவர் தலையை ஆட்டினார். மற்றவர் குடையை மடக்கினார்.

"அப்ப பசங்கள நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும், மாஸ்டர்?"

மாஸ்டர் கரையேறினார். தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"காலையில ஆறு மணிக்கு சார்" என்றார். "காத்து கொஞ்சமாத்தான் இருக்கும். புதுப் புள்ளைகளுக்கு அது போதும்."

சொல்லிவிட்டு அழுதுவிட்டார். நானும்தான்.